இது என் சாப்பாட்டு நேரம்

மலேசியாவில், மூவாரிலிருந்து பக்ரி போகும் சாலையில் மேசை நாற்காலி செய்யும் தொழிற்சாலைகள் வரிசையாக இருக்கின்றன. அவற்றில் ஒன்றின் மாடி அலுவலகத்தில், ஏற்றுமதிப் பிரிவில், லோஷினி பத்து ஆண்டுகளுக்கு மேலாக வேலை பார்த்து வந்தாள். கீழே ரப்பர் மரத்தை அறுத்து இழைத்துச் சாப்பாட்டு மேசை ஆக்குவார்கள். மேலே அவள் அந்த மேசைகளைக் கப்பல் ஏற்றுவாள். எந்தக் கண்டெய்னர் எந்தத் துறைமுகத்துக்குப் போகிறது, எந்தப் பத்திரம் எங்கே மாட்டிக்கொண்டு நிற்கிறது என்று தேடிப் பிடிப்பது அவள் வேலை. ஹாம்பர்க்கிலும் டர்பனிலும் அவள் பெயரைத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். அவளோ தனியாகப் பக்கத்து ஊரான பத்து பகாட் வரைக்கும்கூடப் போய் வந்ததில்லை.

மதியம் மணி அடித்ததும் எல்லோரும் கேண்டீனுக்கு இறங்கிவிடுவார்கள். லோஷினி இறங்கமாட்டாள். டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, வாயில் ஒரு கவளம், கண் கணினியில் என்று உட்கார்ந்திருப்பாள். எதிர் மேசைக்காரி பிரேமலா ஆரம்பத்தில் கிண்டல் செய்து பார்த்தாள்.

"என்ன லா அப்படி பாக்குற? சமையல் குறிப்பா, கொரியா நாடகமா?"

"ரெண்டும்தான்க்கா," என்று சொல்லிவிட்டு லோஷினி திரையைக் கொஞ்சம் தன் பக்கம் திருப்பிக்கொள்வாள்.

கணவன் அடித்தால் ஒரு பெண் முதலில் எங்கே போக வேண்டும், போலீசில் எப்படிச் சொல்ல வேண்டும், சமூக நல இலாகாவில் யாரைப் பார்க்க வேண்டும், பாதுகாப்பு உத்தரவு என்று ஒன்று இருக்கிறதாமே அதை யார் வாங்கித் தருவார்கள், பிள்ளை யாரோடு இருக்கும். அவள் படித்துக்கொண்டிருந்தது இதைத்தான். ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படிப்பாள். அச்செடுக்கமாட்டாள், தாளில் குறிக்கமாட்டாள். எடுத்துப் போனால் வைக்க இடமில்லை.

வீட்டில் அவளுக்கென்று மூடிவைக்க ஒரு பெட்டிகூட இல்லை. கணவன் சுகுமாறன் கண்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறவன். சாயங்காலம் குளித்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் உள்ளங்கையை நீட்டுவான். "குடு" என்பான். அவள் கைப்பேசியைக் கொடுப்பாள். யார் கூப்பிட்டார்கள், யாருக்கு என்ன எழுதினாள், எதைத் தேடினாள் என்று ஒன்று விடாமல் பார்ப்பான். அவள் அம்மா அனுப்பும் சாமி படங்களைக்கூடத் தள்ளித் தள்ளிப் பார்ப்பான். கல்யாணமான புதிதில் அது பாசம் மாதிரித்தான் தெரிந்தது. கூடப் படித்த பையன் ஒருவன் பிறந்தநாள் வாழ்த்து அனுப்பிய அன்று முதல் அறை விழுந்தது. அதற்குப் பிறகு இன்னும் சில முறை. அடித்த மறுநாள் பசியாற ரொட்டி சானாய் வாங்கி வந்து மேசைமேல் வைத்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல லாரியை எடுத்துக்கொண்டு போய்விடுவான். பெண் குழந்தை ஷர்மினி இரண்டாம் வகுப்பு. அது அந்த ரொட்டியைத் தொடுவதை நிறுத்தியதைப் பார்த்த பிறகுதான் லோஷினி மதிய நேரத்தில் படிக்கத் தொடங்கினாள்.

பயந்த சுபாவம் அவளுக்குப் பிறவியில் வந்ததல்ல. ரெங்கத்துக்குப் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவள். அப்பா தங்கராஜு குலை வெட்டுகிறவர். மேற்பார்க்கும் மண்டோர் மோட்டார் சைக்கிளில் வந்து ஆட்களின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொள்வார். ஒரு நாள் தங்கராஜு நிழலில் நின்று தண்ணீர் குடித்தபோது மண்டோர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தங்கராஜு குடித்து முடித்தார். இன்னொரு குவளை ஊற்றினார். அதையும் மண்டோரின் முகத்தைப் பார்த்தபடியே நிதானமாகக் குடித்தார். அன்றைக்குச் சம்பளத்தில் வெட்டு விழுந்தது, வீட்டில் அம்மா அங்கம்மாவிடம் ஏச்சும் விழுந்தது. ஏச்சு முடிந்ததும் அங்கம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்ததைச் சிறுமி லோஷினி பார்த்துவிட்டாள். அந்த வீட்டுப் பிள்ளைதான் இப்போது தினமும் கைப்பேசியை எடுத்து நீட்டிக்கொண்டிருந்தாள். அதை நினைக்கும்போது சுகுமாறன்மேல் வந்த கோபத்தைவிடத் தன்மேல்தான் அவளுக்கு அதிகக் கோபம் வந்தது.

இந்த நிலையில்தான் கம்பெனிக்குக் கமலநாதன் வந்தார். மனிதவள மேலாளர். கோலாலம்பூரில் பெரிய இடங்களில் இருந்தவர். அந்தப் பதவியில் ஒரு தமிழர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை என்பதால் தமிழ்ப் பெண்களுக்கெல்லாம் பெருமை. வந்த சில மாதத்திலேயே மாரியம்மன் கோயில் கமிட்டியிலும் சேர்ந்துவிட்டார். அதே கமிட்டியில்தான் சுகுமாறனும் இருந்தான். தேர் இழுக்க, பந்தல் போட, அன்னதானத்துக்கு மூட்டை இறக்க என்று எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பான். கோயிலில் அவனைப் பார்ப்பவர்கள் தங்கமான பையன் என்பார்கள்.

யாரோ ஒருவர் வேலை நேரத்தில் இணையச் சூதாட்டம் ஆடிப் பிடிபட்டார். அதையொட்டி ஒரு நாள் கமலநாதன் அலுவலகத்தார் எல்லோரையும் கூட்டினார். இனி எல்லாக் கணினியிலும் ஒரு கண்காணிப்பு மென்பொருள் இருக்கும், யார் எந்தப் பக்கத்தைத் திறந்தார்கள் என்று குறித்துக்கொள்ளும், சில நிமிடத்துக்கு ஒரு தடவை திரையைப் படம் பிடித்து வைக்கும் என்று மலாயும் ஆங்கிலமும் கலந்து விளக்கினார். எல்லோரும் ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போட்டார்கள். சம்பளப் பிரிவில் இருக்கும் மலாய்க்காரப் பெண் நோரைனி கையை உயர்த்தி, மதிய நேரத்திலுமா என்று கேட்டார். கமலநாதன் சிரித்தார். "மதிய நேரம் உங்கள் சொந்த நேரம். அதை யாரும் பார்க்கமாட்டோம்." பிறகு முன்வரிசையில் இருந்த தமிழ்ப் பெண்களைப் பார்த்து, "பயப்படாதீங்கம்மா, நான் இருக்கேன்ல," என்றார்.

லோஷினி அந்த வார்த்தையை நம்பினாள். நம்பாமல் வேறு வழியும் இல்லை. அந்த ஒரு மணி நேரம் போனால் அவளுக்கு வேறு நேரம் கிடையாது.

இரண்டு மாதம் கழித்து அவர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். கதவைச் சாத்தினார். கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினார். அவள் படித்த பக்கங்கள் எல்லாம் நாள்வாரியாக வரிசையாக நின்றன.

"சார், மதிய நேரத்த பாக்கமாட்டேன்னு சொன்னீங்களே."

"நான் பாக்கலம்மா. சிஸ்டம் பாக்குது. போலீஸ், கோர்ட்டுனு வந்தா அதுவே தனியா எடுத்து வைக்குது. கம்பெனி மேல யாரோ கேஸ் போடறாங்கன்னு நெனச்சுதான் தொறந்தேன். தொறந்தா இப்படி."

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"குடும்பம்னா ஆயிரம் இருக்கும் தங்கச்சி. சுகு நல்ல பையன். கோயில்ல பாக்குறேன்ல? அவசரப்பட்டு இதெல்லாம் படிச்சு மனச கெடுத்துக்காத."

"சார், உங்க கால்ல விழறேன். அவருகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

"சேச்சே. நான் பாத்துக்கிறேன். நீ போய் வேலயப் பாரு."

கால்ல விழறேன் என்று சொன்ன வார்த்தை அவளைப் பல நாள் தூங்கவிடவில்லை. ஆனால் அந்த அறையில் அவளுக்கு அதுதான் வாயில் வந்தது.

நான் பாத்துக்கிறேன் என்றால் என்ன அர்த்தம் என்று அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் தெரிந்தது. சுகுமாறன் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தான். உள்ளங்கையை நீட்டவில்லை. தொலைக்காட்சியை அணைத்தான்.

"ஆபீசுக்கு எதுக்கு போற நீ?"

"வேலைக்கு."

"வேலையா? எம்மேல கேஸ் போட படிக்கிறியாமே. நேத்து பூசை முடிஞ்சு கமலநாதன் அண்ணன் என்னய ஓரமா கூப்பிட்டு சொல்றாரு. வீட்ட கொஞ்சம் பாத்துக்கப்பான்னு. ஊரு முன்னால எனக்கு எப்படி இருக்கும்?"

முன்பென்றால் இல்லை என்று சொல்லியிருப்பாள். அன்றைக்கு என்னவோ வாய் பொய்க்கு வளையவில்லை.

"ஆமா. படிச்சேன். எல்லாத்தயும் படிச்சிட்டேன்."

அவன் எழுந்தான். அவள் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். வாசல் கிரில்லைத் திறக்கும் நேரத்தில் அவள் வலது மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினான். சுள்ளி ஒடிவதுபோல ஒரு சத்தம் அவளுக்கே கேட்டது. ஷர்மினி போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுச் சீனத்து அம்மாள் கையில் கரண்டியோடு வெளியே வந்து அதைவிடப் பெரிய கூச்சல் போட்டாள். சுகுமாறன் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான்.

லோஷினி அழவில்லை. இடது கையால் பிரேமலாவைக் கூப்பிட்டாள். பிரேமலா தன் பழைய மைவி காரை எடுத்துக்கொண்டு பறந்து வந்தாள். மணிக்கட்டு வீங்கிக் கிடந்ததைப் பார்த்து வாயில் கை வைத்தாள்.

"அலமாக்! ஏறு லா, ஏறு. எந்த கிளினிக்கு போவோம்?"

"கிளினிக்கு வேணாம்க்கா. மொதல்ல போலீஸ். ரிப்போர்ட் போட்டா ஆஸ்பத்திரிக்கு ஒரு ஃபாரம் குடுப்பாங்க. அத எடுத்துக்கிட்டு பெரிய ஆஸ்பத்திரி. அங்கயே வெல்ஃபேர் ஆளுங்கள கூப்பிடச் சொல்லணும்."

பிரேமலா வண்டியைக் கிளப்பாமல் அவளைத் திரும்பிப் பார்த்தாள். "ஒனக்கு எப்படி லா இதெல்லாம் தெரியும்?"

"சமையல் குறிப்புல இருந்திச்சுக்கா," என்றாள் லோஷினி. வலியில் சிரிப்பு பாதியில் நின்றது.

காவல் நிலையத்தில் இருந்த இளம் பெண் போலீஸ், வீட்டுச் சண்டைதானே, பேசிப் பாருங்களேன் என்று ஆரம்பித்தாள். லோஷினி குறுக்கிட்டாள். எலும்பு முறிந்திருக்கிறது, பிள்ளை பார்த்திருக்கிறது, பாதுகாப்பு உத்தரவு கேட்க எனக்கு உரிமை இருக்கிறது என்று அவள் சொன்ன மலாயைக் கேட்டு உள்ளேயிருந்து ஒரு மூத்த அதிகாரி எழுந்து வந்தார். அதற்குப் பிறகு, பாதுகாப்பு உத்தரவு உட்பட, எல்லாம் அவள் படித்தபடியே நடந்தது. அவள் பயந்த அளவுக்கு எதுவும் கடினமாக இல்லை.

மறுநாள் பிரேமலா வீட்டில் இருந்துகொண்டு ரெங்கத்துக்குப் பேசினாள். அங்கம்மா முழுவதையும் கேட்டாள். போய் அவனோடு சமாதானமாக இரு என்று அம்மா சொல்லிவிடுவாளோ என்று லோஷினி பயந்தாள்.

"கை எப்ப சேருமாம்?" என்றாள் அங்கம்மா.

"ஆறு ஏழு வாரம் ஆகுமாம்மா."

"சேரட்டும். அது வரைக்கும் நான் அங்க வந்து பிள்ளைய பாத்துக்கிறேன். நீ வேலைய விட்டுறாத. இந்த மாதிரி நேரத்துல வேலைய விட்டவ எவளும் திரும்ப எந்திரிச்சதில்ல."

மாவுக்கட்டுக் கையோடு லோஷினி வேலைக்குத் திரும்பிய அன்றே கமலநாதன் கூப்பிட்டார். இந்த முறை அவர் முகத்தில் அந்தப் பழைய அண்ணன் களை இல்லை. நடந்ததைக் கேள்விப்பட்டிருந்தார். பயந்தும் போயிருந்தார். மேசைமேல் ஒரு எச்சரிக்கைக் கடிதம் இருந்தது. கம்பெனிக் கணினியைச் சொந்தக் காரியத்துக்குப் பயன்படுத்தியது தவறு, இனி நடக்காது என்று அவள் ஒப்புக்கொள்வதாக அதில் எழுதியிருந்தது.

"இது சும்மா ஒரு நடைமுறைதான். கையெழுத்து போட்டுட்டா விஷயம் இத்தோட முடிஞ்சிரும் தங்கச்சி."

"எனக்கு அண்ணன் தம்பி யாரும் இல்ல சார். லோஷினின்னு கூப்பிடுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கோவம் இருக்கும். புரியுது. நான் நல்லது நெனச்சுதான் அவன்கிட்ட பேசினேன்."

"எனக்கு எது நல்லதுன்னு என்னய கேட்டிருக்கணும். கேட்டேன்ல நான்? சொல்லாதீங்கன்னு கெஞ்சினேன்ல?"

"கடிதத்துல கையெழுத்து போட்டுடுமா. இல்லாட்டி மேல போகும். வேலைக்கே ஆபத்து."

லோஷினி மாவுக்கட்டுக் கையைத் தூக்கி அந்தக் கடிதத்தின்மேல் வைத்தாள். "சார், நான் கையெழுத்து போடற கை இதுதான். இது எப்படி ஒடிஞ்சுதுன்னு உங்களுக்கு தெரியும். கட்டு பிரிச்சதுக்கு அப்புறமும் இது இந்தத் தாள்ல கையெழுத்து போடாது. மேல அனுப்புங்க."

வெளியே வந்தாள். வேலை போனால் வாடகை, பிள்ளை, வழக்கு என்று எல்லாம் கண்ணில் வந்து நின்றன. கழிப்பறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டாள். திரும்பி வரும்போது மதிய மணி அடித்தது. எல்லோரும் இறங்கிப் போனார்கள். லோஷினி கணினியின் முன்னால் உட்கார்ந்தாள். இணையத்தைத் திறக்கவில்லை. வெறும் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, இடது கையின் ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினாள். எழுத்தைத் திரை நிறையப் பெரிதாக்கினாள்.

'கமலநாதன் சார், இது என் சாப்பாட்டு நேரம்.'

அதை அப்படியே விட்டுவிட்டு டப்பாவைத் திறந்து சாப்பிட்டாள். திரை படம் பிடிக்கப்படும் சத்தம் எதுவும் கேட்காது. ஆனால் ஒவ்வொரு முறையும் அது பிடிக்கிறது என்று அவளுக்குத் தெரியும். பிடிக்கட்டும் என்றுதான் வைத்தாள்.

மறுநாள் எழுதினாள்: 'இன்னைக்கு நெத்திலி சம்பல். இடது கையால சாப்பிடுறேன். பாத்துக்கிட்டு இருங்க.' அதற்கு மறுநாள்: 'வெள்ளிக்கிழமை பூசை முடிஞ்சு என் புருசன்கிட்ட என்ன சொன்னீங்க? எனக்கும் சொல்லுங்க.' அந்தக் கடைசி வரியைப் பல நாள் மாற்றவே இல்லை. கமலநாதன் நடைவழியில் அவளைக் கண்டால் கைப்பேசியை எடுத்துக் காதில் வைத்துக்கொள்ளத் தொடங்கினார்.

ரமலான் மாதம் தொடங்கியிருந்தது. நோன்பு என்பதால் நோரைனி மதியம் கேண்டீனுக்குப் போகாமல் மாடியிலேயே இருந்தார். லோஷினியின் திரையில் தினம் தினம் தமிழ் எழுத்து பெரிதாக நிற்பதைப் பார்த்துவிட்டு, என்ன அது என்று கேட்டார். லோஷினி மலாயில் முழுக் கதையையும் சொன்னாள். நோரைனி கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் கேட்டேனே, எல்லோர் முன்னாலும் கேட்டேனே, பார்க்கமாட்டோம் என்றாரே என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பிறகு தன் மேசைக்குப் போய் ஏதோ தட்டினார். லோஷினி எட்டிப் பார்த்தாள். மலாயில் இப்படி இருந்தது: 'நான் நோன்பு. சாப்பிடவில்லை. ஆனாலும் இது என் நேரம்.'

அதன் பிறகு அது பரவுவதற்கு யாரும் கூட்டம் போட வேண்டியிருக்கவில்லை. பிரேமலா மதிய நேரத்தில் நண்டுப் பெரட்டல் செய்முறையைப் பத்திப் பத்தியாக எழுதி, 'உப்பு போதுமா சார்?' என்று முடித்தாள். கணக்குப் பிரிவுச் சீனப் பெண் தன் பூனையின் முகத்தைத் திரை முழுக்க வைத்து, இவனையும் கண்காணியுங்கள் என்று எழுதினாள். ஒருவர் ஒன்றும் எழுதாமல் இரண்டு கண்களை மட்டும் வரைந்து வைத்தார். பெண்கள் கீழே போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவார்கள், மாடியில் ஆளில்லாத மேசைகளில் திரைகள் மட்டும் பேசிக்கொண்டிருக்கும். பல மாதமாக அந்த அலுவலகத்தில் கேட்காத சிரிப்புச் சத்தம் மறுபடி கேட்டது. விதியை யாரும் மீறவில்லை. வெள்ளைப் பக்கத்தில் எழுதக்கூடாது என்று எந்தத் தாளிலும் இல்லை.

மாதம் முடிந்ததும் அந்த மென்பொருளின் அறிக்கை முதலாளியின் மூத்த மகள் மிஸ் கோவிடம் போகும். கம்பெனி நிர்வாகம் அவள் கையில்தான் இருந்தது. அதிகம் பேசமாட்டாள், சுற்றி வளைக்கவும் மாட்டாள். அறிக்கையைத் திறந்த அவளுக்கு நண்டும் பூனையும் நோன்பும் கண்களுமாக வந்து நின்றன. நடுவில் ஒரே தமிழ் வரி நாள் கணக்கில் வந்துகொண்டிருந்தது. கமலநாதனைக் கூப்பிட்டாள். லோஷினியையும் கூப்பிட்டாள்.

"இது என்ன எழுத்து?"

"தமிழ்," என்றார் கமலநாதன்.

"உங்களுக்குப் படிக்கத் தெரியும்தானே? படித்துச் சொல்லுங்கள்."

கமலநாதன் லோஷினியைப் பார்த்தார். அவள் தரையைப் பார்க்கவில்லை, அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை கோயிலில் பூசை முடிந்த பிறகு என் கணவரிடம் என்ன சொன்னீர்கள் என்று அவர் தன் வாயாலேயே ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியதாயிற்று. சொல்லச் சொல்லக் குரல் இறங்கிப்போனது.

மிஸ் கோ மாவுக்கட்டைப் பார்த்தாள். "சொன்னீர்களா?" என்று கேட்டாள்.

"ஒரு அக்கறையில்..."

"சொன்னீர்களா இல்லையா?"

"சொன்னேன்."

மிஸ் கோ லோஷினியிடம் திரும்பினாள். எச்சரிக்கைக் கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகவும், கம்பெனி சார்பில் வருத்தம் தெரிவிப்பதாகவும், கை குணமாகும்வரை சம்பளத்தோடு விடுப்பு எடுத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னாள். வேறு யாராவது இருந்திருந்தால் நன்றி சொல்லி எழுந்திருப்பார்கள். லோஷினி எழவில்லை.

"விடுப்பு வேண்டாம். இரண்டு விஷயம் வேண்டும்," என்றாள். "மதியம் மணி அடித்தால் அந்த மென்பொருள் நிற்க வேண்டும். பார்க்கமாட்டோம் என்று வாயால் சொல்வது போதாது, நிறுத்த வேண்டும். இரண்டாவது இவரிடம் கேட்பது." கமலநாதனிடம் தமிழில் சொன்னாள். "சார், பாத்தத வெளிய போய் சொன்னீங்க. இப்ப சொன்னத வெளிய வந்து சொல்லுங்க. நானா விழுந்து கை ஒடிஞ்சதுன்னு எம் புருசன் எழுதிக் குடுத்திருக்காரு. எனக்கும் அவருக்கும் சண்டையே இல்லயாம். நீங்க அவருகிட்ட என்ன சொன்னீங்க, அதுக்கு அவரு என்ன சொன்னாரு, அத போலீசுல வந்து சொல்லுங்க."

கமலநாதனுக்கு வேர்த்தது. "கமிட்டில எம்பேரு என்னாகும்? ஊருல எப்படி தலை காட்டுவேன்?"

"நான் இந்தக் கையோட தலை காட்டுறேன்ல?"

மிஸ் கோவுக்குத் தமிழ் புரியவில்லை. லோஷினி அதை ஆங்கிலத்தில் சொன்னாள். மிஸ் கோ பேனாவை மூடி வைத்துவிட்டு, அது நியாயமான கோரிக்கை என்றாள்.

அவர் உடனே போய்விடவில்லை. நாள் கடத்தினார். தலைவலி என்றார், கோயில் வேலை என்றார். கமிட்டியிலிருந்து இரண்டு பேர் பிரேமலா வீட்டுக்கே வந்து, பேசித் தீர்த்துக்கலாம்மா, கமலநாதனை ஏன் இழுக்கிறாய் என்றார்கள். அங்கம்மா அவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்தாள். குடித்து முடித்ததும் கோப்பைகளை எடுத்துக்கொண்டு, "அவ கை ஒடிஞ்சப்ப நீங்க யாரும் வரலியே. இப்ப எதுக்கு வந்தீங்க?" என்று கேட்டாள். அவர்கள் போய்விட்டார்கள். லோஷினி தன் மதியத் திரையில் வரியை மாற்றினாள்: 'போலீஸ் ஸ்டேசன் எட்டு நிமிசம்தான் சார். கார்ல கூட்டிக்கிட்டுப் போகவா?' அது கணினிக்குள்ளேயே இருக்கவில்லை. அவள் திரையை நடைவழிப் பக்கம் திருப்பி வைத்தாள். ஏற்றுமதிப் பிரிவுக்கு வருகிற போகிற எல்லோரும் அதைப் பார்த்தார்கள். தமிழ் தெரியாதவர்களுக்குப் பிரேமலா மொழிபெயர்த்தாள்.

நோன்புப் பெருநாளுக்கு முந்திய வாரம் ஒரு காலையில் கமலநாதன் தானாக வந்து அவள் மேசை முன்னால் நின்றார். "போலாம்," என்றார்.

காவல் நிலையத்தில் இருவரும் ஒரே பெஞ்சில், நடுவில் ஒரு ஆள் இடம் விட்டு உட்கார்ந்திருந்தார்கள். முறை வந்ததும் அவர் உள்ளே போய் எல்லாவற்றையும் சொன்னார். அவளுடைய திரையைப் பார்த்ததை, கோயிலில் சுகுமாறனிடம் சொன்னதை, அதைக் கேட்டு அவன், வீட்டுக்குப் போய் அவளுக்கு வச்சிக்கிறேன் என்று சொன்னதை. அந்தக் கடைசி வாக்கியத்தை லோஷினி அதற்கு முன் கேள்விப்பட்டதில்லை. அவன் அப்படிச் சொன்ன பிறகும் இவர் வீடு போய்ச் சாப்பிட்டுத் தூங்கியிருக்கிறார். கதவுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்த அவளுக்கு அவர்மேல் மிச்சமிருந்த கொஞ்சநஞ்ச இரக்கமும் அந்த இடத்தில் போயிற்று.

சுகுமாறன் கடைசியில் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டான். அபராதமும் நன்னடத்தைப் பிணையும் கிடைத்தன. அவளையும் பிள்ளையையும் நெருங்கக் கூடாது என்ற உத்தரவு தொடர்ந்தது. அவன் சிகாமட் பக்கம் வேறு லாரிக் கம்பெனிக்கு மாறிக்கொண்டான். மணமுறிவு வழக்கு இன்னும் நடக்கிறது. அது அவள் படித்ததைவிட மெதுவாக நகர்கிறது. தஞ்சோங் அகாசில் ஒரு சிறிய வீட்டை வாடகைக்கு எடுத்திருக்கிறாள். அங்கம்மா வந்தவள் திரும்பிப் போகவில்லை.

அலுவலகத்தில் மதிய மணி அடித்ததும் கண்காணிப்பு நின்றுவிடுகிறது. மற்ற நேரத்தில் எப்போதும்போல நடக்கிறது. திரைகளைப் பார்க்கும் உரிமை இப்போது இரண்டு பேருக்குத்தான், அவர்கள் வெளியில் வாய் திறந்தால் வேலை போகும் என்று எழுதி ஒட்டியிருக்கிறார்கள். அது போதாது என்பது லோஷினியின் கட்சி. வேலையைப் பார்க்க வேண்டுமானால் வேலையைப் பார்க்கட்டும், முகத்தையும் மூச்சையும் எதற்குப் பார்க்க வேண்டும் என்று கூட்டத்துக்குக் கூட்டம் எழுந்து கேட்கிறாள். நோரைனி பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டுவார்.

அந்த வருடத் தீபாவளிக்குக் கம்பெனியில் விருந்து வைத்தார்கள். கமலநாதன் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கித் தயங்கி அவள் பக்கம் வந்தார்.

"லோஷினி, இன்னும் எம்மேல கோவமா?"

லோஷினி முறுக்கை உடைத்தாள். மணிக்கட்டு மழை நாளில் வலிக்கும், அன்றைக்கு மழை.

"இருக்கு சார்," என்றாள். "இருக்கட்டும்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் கீழேயிருந்து கண்டெய்னர் வந்துவிட்டது என்று கூப்பிட்டார்கள். அவள் தட்டைப் பிரேமலாவிடம் கொடுத்துவிட்டு மாடிப்படி இறங்கிப் போனாள்.